இறால் ஆய்வகத்துக்கான ஐசோடோப்பு உள்தரப்பொருள்கள்: எந்தக் குப்பி விலைக்குத் தகும்?

ஏற்றுமதி இறாலில் தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாட்டிக் எச்சங்களை அளக்கும் ஆய்வகம் வாங்கும் வேதிப்பொருள்களில், அளவில் மிகச் சிறியவையும் எடைக்கு எடை பார்த்தால் தங்கத்தையும் மிஞ்சிய விலை கொண்டவையும் ஐசோடோப்பு அடையாளமிட்ட உள்தரப்பொருள்களே, அதாவது ஒப்பீட்டுக்காக மாதிரியில் அளந்து சேர்க்கும், அளக்கவேண்டிய பொருளின் சற்று எடை கூடிய வடிவங்களே. குளோராம்பெனிக்கால்-டி5, ஏஓஇசட்-டி4, ஏஎம்ஓஇசட்-டி5, கார்பன்-13 அணுக்கள் மூன்று கொண்ட ஏஎச்டி, கார்பன்-13 ஒன்றும் நைட்ரஜன்-15 இரண்டும் கொண்ட செமிகார்பசைடு ஆகிய ஐந்து குப்பிகளும் உறைபெட்டியில் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. டி5 என்றால் ஐந்து டியூட்டீரியம், அதாவது எடை கூடிய ஹைட்ரஜன், ஏறியது என்று பொருள்; பின்னவை நான்கும் நைட்ரோஃபுரான் மருந்துகள் உடலில் விட்டுச் செல்லும் துண்டுகள். பல ஆண்டுகளாக இவற்றை வாங்கியும் கரைத்தும் பயன்படுத்தியும் வருபவன் என்ற முறையில், இவற்றில் எது கொடுத்த விலைக்கு உழைக்கிறது, எதில் எச்சரிக்கை தேவை என்பதை இங்கே எழுதுகிறேன். விலைப்பட்டியலைப் பார்த்து வாங்குவோர் பெரும்பாலும் தூய்மை விழுக்காட்டையும் விலையையும் ஒப்பிடுகிறார்கள். என் கணிப்பில் அவற்றை விட முக்கியமானவை இரண்டு: அடையாள அணு மூலக்கூறின் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதும், அடையாளமே ஏறாத மூலக்கூறு அந்தக் குப்பியில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் உணவு விலங்குகளில் நைட்ரோஃபுரான் வகை மருந்துகளையும் குளோராம்பெனிக்காலையும் 1990-களின் நடுப்பகுதிக்குள் முற்றிலுமாக விலக்கியது. 2001, 2002 ஆண்டுகளில் ஆசிய நாடுகளிலிருந்து சென்ற இறாலில் இவற்றின் எச்சம் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர்தான் ஆய்வகங்களின் பாடு தொடங்கியது. 2019/1871 என்னும் ஒழுங்குமுறை, நடவடிக்கைக்கான அளவைக் குளோராம்பெனிக்காலுக்கு ஒரு கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம் என்றும், நைட்ரோஃபுரான் வளர்சிதைப் பொருள் ஒவ்வொன்றுக்கும் 0.5 மைக்ரோகிராம் என்றும் நிர்ணயித்தது. 2022 நவம்பர் 28 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் இவை முறையே 0.3, 1 என்று இருந்தன. 0.15 மைக்ரோகிராம் என்பது ஒரு டன் இறாலில் 0.15 மில்லிகிராம். 2016-இல் இந்தியாவிலிருந்து வரும் வளர்ப்பு இறால் சரக்குகளில் பாதியைத் துறைமுகத்திலேயே சோதிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்ததால், வேதாரண்யத்தில் குட்டை வைத்திருப்பவருக்கும் இந்த எண்கள் அந்நியமானவை அல்ல. குட்டையில் அறுவடைக்கு முன், கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான எம்பெடாவின் எலைசா என்ற எதிர்ப்பொருள் சோதனை நடக்கிறது. ஆனால் உறுதிப்படுத்தும் சோதனை என்று ஏற்கப்படுவது எல்சி-எம்எஸ்/எம்எஸ் எனப்படும் திரவ வண்ணப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும் இணைந்த முறைதான். உள்தரப்பொருளுக்கு வேலை இங்கேதான்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை ஒரு நைட்ரோஃபுரான் சோதனையின் போக்கிலேயே பார்க்கலாம். அரைத்த இறால் தசையில் ஒரு கிராம் எடுக்கிறோம். நைட்ரோஃபுரான் மருந்து உடலுக்குள் போன சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடும். அதன் ஒரு துண்டு மட்டும் தசைப் புரதத்தோடு பிணைந்து பல வாரங்கள் தங்கும். ஃபுராசோலிடோன் ஏஓஇசட்டையும், ஃபுரால்டடோன் ஏஎம்ஓஇசட்டையும், நைட்ரோஃபுரான்டாயின் ஏஎச்டியையும், நைட்ரோஃபுரசோன் செமிகார்பசைடையும் விட்டுச் செல்கின்றன. இந்தத் துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிரித்தெடுத்து, 2-நைட்ரோபென்சால்டிஹைடோடு வினைப்படுத்தி, 37 பாகையில் இரவு முழுவதும் குலுக்குகிறோம். காலையில் அமிலத்தை நடுநிலையாக்கி, எத்தில் அசிட்டேட்டில் இரண்டு முறை பிரித்து, நைட்ரஜன் வாயுவில் உலர்த்தி, மீண்டும் கரைத்து, ஹெக்சேனால் கொழுப்பை நீக்கிய பிறகே கருவியில் செலுத்துகிறோம். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. இறுதியில் கருவியின் அயனியாக்கும் முனையிலும் இறாலின் உப்பும் பாஸ்போலிப்பிடும் சமிக்ஞையை அமுக்குகின்றன. இத்தனை இழப்பையும் தனித்தனியாகக் கணக்கிட முடியாது. ஆகவே சரக்கோடு கூடவே கணக்குப்பிள்ளையை அனுப்பி வைப்பது போல, அதே மூலக்கூறின் சற்று எடை கூடிய வடிவத்தைத் தொடக்கத்திலேயே அளந்து சேர்க்கிறோம். அளக்கவேண்டிய பொருளில் எத்தனை பங்கு இழந்ததோ அத்தனை பங்கு இதிலும் இழந்திருக்கும். எனவே இரண்டின் விகிதம் மாறுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/808 ஒழுங்குமுறையும் இதைத்தான் சொல்கிறது: உள்தரப்பொருளைப் பிரித்தெடுப்பின் தொடக்கத்திலேயே சேர்க்கவேண்டும், கிடைக்குமானால் ஐசோடோப்பு அடையாளமிட்டதையோ, அமைப்பில் நெருங்கிய வேறொரு பொருளையோ பயன்படுத்தவேண்டும்.

இனி குப்பிகளுக்கு வருவோம். ஐந்திலும் எனக்கு மிகவும் திருப்தி தந்தது செமிகார்பசைடின் அடையாளமிட்ட வடிவம். அதற்கு ஏன் டியூட்டீரியம் ஏற்றவில்லை, ஏன் விலை கூடிய கார்பன்-13, நைட்ரஜன்-15 என்று புதிதாகச் சேரும் ஆய்வாளர்கள் கேட்பதுண்டு. செமிகார்பசைடின் அமைப்பை ஒரு முறை தாளில் வரைந்து பார்த்தால் விடை கிடைத்துவிடும். அதில் உள்ள ஐந்து ஹைட்ரஜன்களும் நைட்ரஜன் மீதே அமர்ந்திருக்கின்றன. நைட்ரஜன் மீதுள்ள ஹைட்ரஜன் தண்ணீரோடு நொடியில் இடம் மாறிக்கொள்ளும். அங்கே டியூட்டீரியத்தை ஏற்றினால், அமிலத்தில் ஓர் இரவு முழுவதும் வைக்கும் இந்த முறையில் காலைக்குள் அடையாளம் முழுவதும் கழுவிப் போயிருக்கும். கார்பனும் நைட்ரஜனும் மூலக்கூறின் எலும்புக்கூடு என்பதால் அப்படிப் போகாது. அதற்கும் மேலே ஒரு நன்மை உண்டு. நைட்ரோபென்சால்டிஹைடோடு வினைப்பட்ட வடிவமான பெறுதியின் அயனி 209 நிறையில் தோன்றி, ஐசோசயனிக் அமிலத்தை உதிர்த்து 166 ஆகிறது. அடையாளமிட்டது 212-இல் தோன்றுகிறது. அதில் உதிரும் துண்டு கார்பன்-13-ஐத் தன்னோடு எடுத்துக்கொண்டு 44 அலகுகளாகப் போக, இரண்டு நைட்ரஜன்-15-உம் தங்கி 168 கிடைக்கிறது. உடையும் முன்பிருக்கும் தாய் அயனியும் வேறு, உடைந்து வரும் சேய் அயனியும் வேறு. ஒன்றின் சமிக்ஞை மற்றொன்றில் கலக்க வாய்ப்பே இல்லாத அமைப்பு இது. வண்ணப்பிரிகைத் தூணிலிருந்தும் இரண்டும் ஒரே கணத்தில் வெளிவருகின்றன.

ஏஓஇசட்-டி4 விலை குறைவானது, பயன்பாட்டுக்கு நல்லது, ஆனால் ஒரு சிறு தொல்லை உண்டு. நான்கு டியூட்டீரியமும் வளையத்தின் இரண்டு கார்பன்களில் உறுதியாக அமர்ந்திருப்பதால் அமிலத்தில் இழப்பு இல்லை. தொல்லை சேய் அயனியில் இருக்கிறது. ஏஓஇசட்டின் பெறுதி 236-இலிருந்து 134-க்கு உடைகிறது. அந்த 134 துண்டு நைட்ரோபென்சால்டிஹைடு பக்கத்திலிருந்து வருவது, வளையத்தின் பங்கு அதில் இல்லை. ஆகவே அடையாளமிட்டதும் 240-இலிருந்து அதே 134-க்கே உடைகிறது. ஏஎச்டியும் இப்படித்தான், 249-இலிருந்தும் 252-இலிருந்தும் 134 வருகிறது. பழைய கருவிகளில், அயனிகளை உடைக்கும் மோதல் அறை முழுவதும் காலியாகும் முன்பே அடுத்த அளவீடு தொடங்கிவிட்டால், உள்தரப்பொருளின் 134 அயனிகள் சில மிச்சமிருந்து, மருந்தே இல்லாத மாதிரியிலும் ஒரு சிறு முகட்டை எழுப்பும். இரண்டு அளவீடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சற்றுக் கூட்டினால் அது மறைந்துவிடும். மறையாவிட்டால் காரணம் கருவியில் இல்லை, குப்பியில் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஏஎம்ஓஇசட்-டி5-இல் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. 335 கார்பன் டைஆக்சைடை இழந்து 291 ஆவது போல 340 இழந்து 296 ஆகிறது, ஐந்து டியூட்டீரியமும் கூடவே இருக்கின்றன. அதைப் பற்றி எழுத வேறெதுவும் இல்லை என்பதே அதற்கான பாராட்டு.

குளோராம்பெனிக்கால்-டி5 கொஞ்சம் நின்று பார்க்கத்தக்க பொருள். இதில் நான்கு டியூட்டீரியம் நைட்ரோ தொகுதி கொண்ட பென்சீன் வளையத்திலும், ஐந்தாவது வளையத்துக்கு அடுத்த கார்பனிலும் இருக்கின்றன. ஐந்தாவது எதற்கு என்று கேட்கலாம். குளோராம்பெனிக்காலில் இரண்டு குளோரின் அணுக்கள் உண்டு. இயற்கைக் குளோரினில் ஏறத்தாழ கால் பங்கு இரண்டு அலகு எடை கூடியது. ஆகவே அடையாளமற்ற குளோராம்பெனிக்காலே எதிர் அயனியில் 321, 323, 325 என்று மூன்று இடங்களில் தோன்றும். நான்கு டியூட்டீரியம் மட்டும் ஏற்றினால் உள்தரப்பொருளின் தாய் அயனி 325-இல் வந்து, இயற்கைப் பொருளின் நிழல் மீதே விழும். ஐந்து ஏற்றியதால் அது 326-க்குத் தள்ளிப் போகிறது. அங்கும் கார்பன்-13 காரணமாக மிகச் சிறிய நிழல் ஒன்று எட்டும் என்றாலும், அளக்கும் சேய் அயனியில் குளோரின் இல்லை. 321-இலிருந்து 152-உம், 326-இலிருந்து 157-உம் வருகின்றன. ஐந்து டியூட்டீரியமும் அந்தத் துண்டிலேயே தங்கிவிடுகின்றன. இயற்கைப் பொருள் எதுவும் 157-ஐத் தர வழியில்லை. தடைசெய்யப்பட்ட பொருளை உறுதிப்படுத்த 2021/808 கேட்கும் ஐந்து அடையாளப் புள்ளிகளை எட்ட இரண்டு சேய் அயனிகளின் விகிதமும் தேறவேண்டும் என்பதால், இப்படிச் சுத்தமான பின்னணி தரும் உள்தரப்பொருள் கையில் இருப்பது 0.15 மைக்ரோகிராம் மட்டத்தில் பெரிய ஆறுதல்.

இதன் குறை டியூட்டீரியத்துக்கே உரிய பொதுக் குறைதான். டியூட்டீரியம் ஏறிய மூலக்கூறு தூணில் சற்றுக் குறைவாகவே ஒட்டிக்கொள்கிறது. எனவே இயல்பான பொருளுக்கு ஒரு நிமிடத்தில் நூறில் ஒன்றிரண்டு பங்கு முன்னதாக வெளிவந்துவிடுகிறது. பெரும்பாலும் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இறாலின் பாஸ்போலிப்பிடு வெளியேறும் விளிம்பில் முகடு அமைந்துவிட்டால், உள்தரப்பொருள் அமுக்கத்துக்கு முன்னும் மருந்து அமுக்கத்துக்குள்ளும் விழுந்து, விகிதம் பிறழும். தூணை மாற்றியபோதோ, கரைப்பான் கலவை மாறும் சரிவை வேகப்படுத்தியபோதோ, சேர்த்த மருந்தில் திரும்பக் கிடைக்கும் பங்கான மீட்பு விழுக்காடு காரணமின்றிச் சரிந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. முழுவதும் கார்பன்-13-ஆல் அடையாளமிட்ட பொருள்களில் இந்த இடப்பெயர்ச்சி இராது. அதனால்தான் விலை இரண்டு மடங்கானாலும் அவற்றை விரும்புபவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் சேரவில்லை. நல்ல பிரிகை இருந்தால் குளோராம்பெனிக்காலுக்கு டி5 போதும்.

இனி, குப்பியோடு வரும் சான்றிதழ். பெரும்பாலான ஆய்வகங்கள் ஏமாறும் இடம் இதுவே. "ஐசோடோப்புச் செறிவு 98 அணு விழுக்காடு" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தவுடன் மிச்சம் 2 விழுக்காடு சாதாரண குளோராம்பெனிக்கால் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண் ஒவ்வோர் இடத்திலும் டியூட்டீரியம் இருப்பதற்கான வாய்ப்பைச் சொல்வது. ஐந்து இடங்களிலும் 98 விழுக்காடு என்றால், ஐந்தும் நிரம்பிய மூலக்கூறு ஏறத்தாழ 90 விழுக்காடும், ஓரிடம் காலியான டி4 ஏறத்தாழ 9 விழுக்காடும் இருக்கும். ஐந்து இடங்களும் ஒருசேரக் காலியாக இருக்கும் டி0 கணக்குப்படி பார்த்தால் இல்லை என்றே சொல்லலாம். ஆனாலும் குப்பியில் டி0 இருக்கலாம். அது தயாரிப்பின் தொடக்கப் பொருளிலிருந்தோ, அதே கண்ணாடிக் கலனில் முன்பு தயாரித்த சாதாரணப் பொருளிலிருந்தோ வந்து சேர்வது. அணு விழுக்காட்டைப் பார்த்து அதை ஊகிக்கவே முடியாது. டி4 இருப்பதால் நமக்கு ஒரு தீங்கும் இல்லை, ஏனெனில் செறிவு தெரிந்த அளவுத்திருத்தக் கரைசலிலும் மாதிரியிலும் அது ஒரே அளவில்தான் இருக்கும். டி0 மட்டும்தான் மருந்தே போடாத இறாலில் மருந்தைக் காட்டும். ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் அளவில் உள்தரப்பொருளைச் சேர்க்கிறோம், அதில் டி0 அரை விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், பொய்யாகச் சேர்வது 0.0025 மைக்ரோகிராம்; கவலை இல்லை. சமிக்ஞை நன்றாகத் தெரிய வேண்டும் என்று அதையே 5 மைக்ரோகிராமாகக் கூட்டிச் சேர்த்தால் பொய் 0.025 ஆகிறது, அதாவது நடவடிக்கை அளவான 0.15-இல் ஆறில் ஒரு பங்கு. ஆகவே உள்தரப்பொருளை நடவடிக்கை அளவை ஒட்டியே சேர்க்க வேண்டும் என்பதையும், ஒவ்வொரு புதிய குப்பியையும் தூய கரைப்பானில் தனியாகச் செலுத்தி, மருந்துக்குரிய தடத்தில் முகடு எழுகிறதா என்று பார்த்த பிறகே பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பதையும் எங்கள் ஆய்வகம் விதியாகவே வைத்திருக்கிறது. ஒரு விநியோகர் அனுப்பிய ஏஓஇசட்-டி4 குப்பி இந்தச் சோதனையில் தேறவில்லை. இடைவெளியை எவ்வளவு கூட்டியும் 236 தடத்தில் முகடு அப்படியே நின்றது. சான்றிதழில் வேதித் தூய்மை 99 விழுக்காடு என்று கம்பீரமாக அச்சிட்டிருந்தார்கள். டி0 பற்றி ஒரு வரியும் இல்லை. கேட்டபோது, அது எங்கள் விவரக்குறிப்பில் அடங்காது என்று பதில் வந்தது. அதன் பிறகு கொள்முதல் ஆணையிலேயே டி0 உச்சவரம்பை எழுதிவிடுகிறோம்.

வடிவத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் பெயர்கள் ஏமாற்றும். ஏஓஇசட்-டி4 என்றும், 2-என்பி-ஏஓஇசட்-டி4 என்றும் பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு பொருள்கள் இருக்கும். முன்னது தனி மூலக்கூறு, பின்னது ஏற்கனவே நைட்ரோபென்சால்டிஹைடோடு வினைப்பட்ட பெறுதி. உள்தரப்பொருளாகத் தொடக்கத்தில் சேர்க்கத் தகுந்தது முன்னது மட்டுமே. அதுதான் இரவு நேர வினையின் குறைநிறைகளையும் மருந்தோடு சேர்ந்து அனுபவிக்கும். பெறுதியைச் சேர்த்தால் அது வினைக்குப் பிந்தைய இழப்புகளுக்கு மட்டுமே சாட்சி சொல்லும். வினை பாதியில் நின்றுபோயிருந்தாலும் நமக்குத் தெரியாது. பெறுதியால் பயனே இல்லை என்று கூறவில்லை. வினை எத்தனை விழுக்காடு முடிந்தது என்று முறையைச் சரிபார்க்கும் காலத்தில் அளக்க அது தேவைப்படும், அன்றாடத்துக்கு வேண்டாம்.

இன்னொன்று, உப்பு வடிவம். செமிகார்பசைடு பெரும்பாலும் ஹைட்ரோகுளோரைடு உப்பாகவே விற்கப்படுகிறது. உப்பின் மூலக்கூறு எடை 111.5, செமிகார்பசைடின் எடை 75.1, ஆகவே எடை பார்த்த உப்பில் 0.673 பங்கு மட்டுமே நமக்கு வேண்டிய பொருள். ஏஎச்டிக்கு இந்தப் பங்கு 0.759. அடையாளமிட்ட குப்பியில் இந்தத் திருத்தத்தை ஒருவர் மறந்துபோனாலும், சுவையான ஓர் உண்மை என்னவென்றால், முடிவு மாறாது. ஒரே உள்தரக் கரைசலை அளவுத்திருத்தத் தொடரிலும் மாதிரியிலும் ஒரே அளவில் சேர்ப்பதால் அதன் உண்மைச் செறிவு விகிதத்தில் அடிபட்டுப் போகிறது. அடையாளமற்ற தரப்பொருளில் மறந்தாலோ கதை வேறு, அங்கே 0.5 என்று நாம் நினைப்பது உண்மையில் 0.34 ஆக இருக்கும். ஆதலால் சான்றிதழில் செறிவின் நிச்சயமின்மையை மூன்றாம் தசமம் வரை கொடுத்திருக்கும் விலையுயர்ந்த குப்பியை அடையாளமற்ற தரப்பொருளுக்கு வாங்குங்கள்; அடையாளமிட்டதற்கு அந்தப் பெருமை தேவையில்லை, டி0 எவ்வளவு என்ற ஒரு வரி போதும்.

எவ்வளவு வாங்குவது என்பதிலும் பணம் வீணாகிறது. ஒரு கிராம் மாதிரிக்கு 10 நானோகிராம்/மில்லிலிட்டர் கரைசலில் 50 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 0.5 நானோகிராம் செலவாகிறது. ஒரு மில்லிகிராம் குப்பி, ஏட்டுக் கணக்கில், இருபது இலட்சம் மாதிரிகளுக்கு வரும். எனவே மாதிரி ஒன்றுக்கான செலவு என்று பார்த்தால் இந்தப் பொருள் ஏறத்தாழ இலவசம். நாம் பணம் கொடுப்பது காலாவதித் தேதிக்குத்தான். பத்து மில்லிகிராம் வாங்கினால் மில்லிகிராமுக்கு விலை குறையும் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வார், உண்மைதான். ஆனால் ஒன்பதரை மில்லிகிராமைத் தேதி முடிந்து கழிவில் கொட்டுவதற்கு அந்தத் தள்ளுபடி எதற்கு? ஒரு மில்லிகிராம் திடப்பொருளை எடை பார்ப்பது நம் தராசுகளுக்குப் பெரும் சோதனை என்பதால், குப்பிக்குள்ளேயே கரைப்பானை ஊற்றி முழுவதையும் கரைப்பதே நடைமுறை. செறிவு துல்லியமாக இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்பது மேலே சொன்னபடி. ஆம்பூலில் கரைசலாக வருவதை வாங்கினால் அந்த வேலையும் மிச்சம். குளோராம்பெனிக்கால்-டி5 அசிட்டோநைட்ரிலில் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற செறிவில் ஆம்பூலாகக் கிடைக்கிறது. சிறிய ஆய்வகத்துக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆம்பூலைத் திறந்தவுடன் பழுப்புக் கண்ணாடிக் குப்பிகளில் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20 பாகையில் வைத்துவிட வேண்டும். ஒரே குப்பியை ஒவ்வொரு நாளும் எடுத்துத் திறந்து மூடினால், கரைப்பான் ஆவியாகிச் செறிவு மெல்ல ஏறும். அளவுத்திருத்தத்தை ஒரு நாளும் மாதிரியை வேறொரு நாளும் தயாரிக்கும் ஆய்வகத்தில் அது முடிவில் எதிரொலிக்கும்.

இந்தப் பொருள்கள் செய்யாதவற்றையும் சொல்லாவிட்டால் மதிப்புரை விளம்பரமாகிவிடும். முதலாவது, நாம் சேர்க்கும் உள்தரப்பொருள் கரைசலில் சுதந்திரமாக மிதக்கிறது. இறாலில் இருக்கும் எச்சமோ புரதத்தோடு பிணைந்திருக்கிறது. அமிலம் அந்தப் பிணைப்பை முழுவதும் அறுக்காவிட்டால், அறுபடாத பங்கைப் பற்றி உள்தரப்பொருள் எதுவும் சொல்லாது. விகிதம் அழகாகவே இருக்கும், முடிவு குறைவாக இருக்கும். அமில வினையின் நேரத்தைக் குறைக்கலாமா என்று யோசிப்பவர்கள், சுத்தமான இறாலில் மருந்தைத் தடவிச் செய்த மீட்புச் சோதனையை நம்பக் கூடாது. மருந்து ஊட்டி வளர்த்த இறாலின் தசையில்தான் அதைச் சோதிக்க வேண்டும். இரண்டாவது, செமிகார்பசைடின் பிறப்பிடம். அடையாளமிட்ட செமிகார்பசைடு எவ்வளவு நேர்த்தியாக அளந்தாலும், அளக்கப்பட்டது நைட்ரோஃபுரசோனிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. நன்னீர் இறாலின் ஓட்டில் செமிகார்பசைடு இயற்கையாகவே இருப்பதை வங்காளதேசத்து மாதிரிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாட்டில் மூடிகளின் உட்பட்டையில் நுரையூட்டியாகப் பயன்பட்ட அசோடைகார்பனமைடும் வெப்பத்தில் அதைத் தந்தது. ஆகவே ஓடும் தலையும் நீக்கிய தசையின் நடுப்பகுதியை மட்டும் எடுத்தே அரைக்க வேண்டும். மூன்றாவது, விகிதம் எல்லாவற்றையும் ஈடுசெய்துவிடும் என்ற மிதப்பு. உள்தரப்பொருளின் முகட்டுப் பரப்பே வழக்கத்தில் கால் பங்காகச் சுருங்கியிருந்தால், அந்த மாதிரியில் மருந்தின் சமிக்ஞையும் கால் பங்குதான், 0.15 மட்டத்தில் அது இரைச்சலுக்குள் மறைந்து "கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை போய்விடும். பரப்பு பாதிக்குக் கீழே இறங்கினால் அந்த மாதிரியை மறுபடியும் பிரித்தெடுப்பது எங்கள் வழக்கம்.

தயாரிப்பாளர்களைப் பொறுத்தவரை, பெர்லினில் இயங்கும் விடேகா நைட்ரோஃபுரான் வளர்சிதைப் பொருள்களின் இரு வடிவங்களிலும் பெயர் பெற்றது. மெர்க்கின் சிக்மா-ஆல்ட்ரிச் பிரிவு வெட்ரானல் என்ற பெயரில் கால்நடை மருந்துத் தரப்பொருள்களை விற்கிறது. மாசசூசெட்சின் கேம்பிரிட்ஜ் ஐசோடோப் நிறுவனமும், எல்ஜிசி குழுமத்தின் டாக்டர் ஏரன்ஸ்டார்ஃபர் நிறுவனமும் இந்தச் சந்தையில் நெடுங்காலமாக இருப்பவர்கள். இந்தியாவிலும் டியூட்டீரியம் ஏற்றிய மருந்துப் பொருள்களைத் தயாரிக்கும் நிறுவனங்கள் இப்போது உண்டு. பெயரை விட, குறிப்பிட்ட தொகுதியின் நிறைநிறமாலைப் படத்தை வாங்குவதற்கு முன்பே அனுப்புகிறாரா என்பதுதான் என் அளவுகோல். அனுப்புபவரிடம் வாங்கிய குப்பிகள் ஏறத்தாழ எல்லாமே தேறியிருக்கின்றன. இறக்குமதிப் பொருளாக இருந்தால் காலாவதிக்கு எத்தனை மாதம் மீதமிருக்க வேண்டும் என்பதையும் ஆணையில் எழுதிவிடுவது நல்லது. சுங்கத்தில் சில வாரம் கிடந்து, விநியோகரின் கிடங்கில் சில மாதம் கிடந்து, ஆண்டின் பாதி போன பிறகே நம் கைக்கு வருவது சாதாரணம்.

செலவைக் குறைக்க ஏஓஇசட்-டி4 ஒன்றையே நான்கு வளர்சிதைப் பொருள்களுக்கும் உள்தரமாகப் பயன்படுத்தும் ஆய்வகங்களையும் பார்த்திருக்கிறேன். ஏஎம்ஓஇசட் மார்ஃபோலின் வளையம் தாங்கியது, எளிதில் நேர் அயனியாகும், தூணில் வேறு இடத்தில் வெளிவரும். ஏஎச்டியோ நான்கிலும் சமிக்ஞை பலவீனமானது. இவற்றுக்கு ஏஓஇசட் சாட்சி சொல்ல முடியாது. சிக்கனம் செய்ய விரும்பினால் அதற்கு வேறு இடம் இருக்கிறது. ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்ட மருந்துகளான டெட்ராசைக்ளின்களுக்கும் சல்ஃபோனமைடுகளுக்கும் என்ரோஃப்ளாக்சசினுக்கும் ஐரோப்பிய உச்சவரம்பு தசையில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம்; அந்த மட்டத்தில் சமிக்ஞைக்குப் பஞ்சமில்லை. டெட்ராசைக்ளின்களுக்கு டெமெக்ளோசைக்ளின் போன்ற உறவுப் பொருளையும், சல்ஃபோனமைடுகளுக்குப் பென்சீன் வளையத்தில் கார்பன்-13 ஆறு கொண்ட சல்ஃபாமெத்தசின் ஒன்றையும், என்ரோஃப்ளாக்சசினுக்கும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் சேர்த்து என்ரோஃப்ளாக்சசின்-டி5 ஒன்றையும் வைத்துக்கொண்டு, சுத்தமான இறாலில் கட்டிய அளவுத்திருத்தக் கோட்டோடு நல்ல மீட்பைப் பெற முடிகிறது. அங்கே மிஞ்சும் பணத்தில் ஏஎச்டிக்கும் செமிகார்பசைடுக்கும் அவற்றுக்கே உரிய குப்பிகளை வாங்கலாம்.